நீ இலைக்குப் போ

நீ இலைக்குப் போ என்று நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. காலை ஆறரைக்கு, இந்த மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று சொன்னேன். உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுக்கிற லூர்து கூட்டிவந்த கூலி ஆட்கள் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே நீல பனியன், ஒரே வலைத் தொப்பி, வாயில் துணி. நான் முகம் பார்ப்பதில்லை, கைதான் பார்ப்பேன். பந்தி சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து அப்படித்தான். நகம் வெட்டிய கை சாதத்துக்கு, நடுங்காத கை நெய்க்கும் பாயசத்துக்கும், முரட்டுக் கை தண்ணீருக்கு, மிச்சம் எல்லாம் எச்சில் இலை எடுக்க. ஒரு கை வந்தது. ஒல்லிக் கை, புறங்கையிலும் விரலிடுக்கிலும் ஊதாக் கறை, ஏதோ சாயம் கொட்டித் தேய்த்தும் போகாதது மாதிரி. இந்தக் கையால் சாதம் போட்டால் பெண் வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன், நீ இலைக்குப் போ என்றேன். "சரிங்க சார்" என்றது குரல். அந்தக் குரல் காதுக்குள் போவதற்கு முன்னாலேயே வயிற்றுக்குள் போய்விட்டது. தலையைத் தூக்கினால் வாய்த்துணிக்கு மேலே வேம்புவின் கண். என் பெண்டாட்டியின் கண்ணை வைத்துக்கொண்டு என் மகன் குணபாலன் நிற்கிறான். இங்கிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கிற யுனிவர்சிட்டியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவன். இரண்டு வருஷமாக நானும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போதே, இல்லப்பா, நீ இலைக்கு வேண்டாம், சாதத்துக்கு வா என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி இருந்தது. இலைத்தொட்டியைத் தொட்டபிறகு அன்றைக்கு முழுக்க அந்தக் கை சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடக்கூடாது, அது எங்கள் டீமில் சட்டம், நானே போட்ட சட்டம். தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது. அவனும் அந்த நொடி நகராமல் நின்றான். நான் அடுத்த கையைப் பார்த்தேன். "நீ தண்ணி" என்றேன்.

இப்போது மூன்றாம் பந்தி. ரசம் போய்க்கொண்டிருக்கிறது. நான் தூணோரம் நிற்கிறேன், கண்ணால் ஒவ்வொரு வரிசையாக ஓட்டுகிறேன், யாருக்கு அப்பளம் வரவில்லை, எந்தப் பெரியவர் மோருக்குக் காத்திருக்கிறார், ஆனால் கண் போகிறது, திரும்பி அந்த ஓரத்துக்கே வருகிறது, சக்கரம் வைத்த இலைத்தொட்டியோடு அவன் நிற்கிற ஓரத்துக்கு. எழுந்த வரிசையில் எடுக்கிறான். இலையை நடுவில் மடித்து, இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, ஒரு சொட்டு ரசம் மேஜையில் சிந்தாமல் தூக்குகிறான். புது ஆள் இலையின் நுனியைப் பிடித்து இழுப்பான், பாதி சோறு தரையில் விழும். இவன் இழுக்கவில்லை. யார் இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பதிமூன்று வயதில் நான் எடுத்த முதல் இலை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதில் ஒரு முழு ஜாங்கிரி கடிபடாமல் இருந்தது, எடுத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளை கையில் எச்சில் இலை படாது என்று வேம்புவிடம் சொன்னேன், அவன் தொட்டிலில் கிடந்தபோது. தொட்டிலில் கிடந்தவன் இப்போது தொட்டியைத் தள்ளுகிறான். இது ஒரு நாள் பழகிய கை இல்லை. ஊரில் நான் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பையன் டாக்டருக்குப் படிக்கிறான், ஊசி போடுற டாக்டர் இல்லை, அதுக்கும் மேலே என்று அளந்துகொண்டிருந்த சாயங்காலமெல்லாம் இவன் எங்கேயோ ஒரு மண்டபத்தில் இலை எடுத்திருக்கிறான். எத்தனை மண்டபம்? கேட்டால் சொல்வான். கேட்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, குணா, அவ்வளவுதான். இந்தப் பந்தி முடியட்டும். ஏன் நான் கூப்பிட வேண்டும், அவன் கூப்பிடட்டுமே. அப்பா என்று மூன்று எழுத்து சேர்த்து ஒரு தடவை சொல்லட்டும், காலையில் இருந்து எட்டுத் தடவை என் முன்னால் வந்துவிட்டான், எட்டுத் தடவையும் சார், சார், சார்.

எனக்கு ஒரு குணம் உண்டு, மறக்கமாட்டேன். தங்கையாவிடம் வாயைக் கொடுத்தால் சுடுகாடு வரைக்கும் கூட வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் மச்சினன் ஒரு காதுகுத்தில் எனக்கு இரண்டாம் பந்தியில் இடம் போட்டான், பதினாறு வருஷமாச்சு, அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அவன் செத்தபோது தெருமுனையில் நின்றுவிட்டு வந்தேன். மச்சினனிடமே அப்படி என்றால் பெற்ற பிள்ளையிடம்? பெற்ற பிள்ளையிடம் இன்னும் கூடத்தான் வரும். அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் படிப்பில் சேர்ந்தான். பாசியைப் பற்றிய படிப்பாம், உப்புத் தண்ணீரில் வளருகிற பாசி. பாசிக்கு எதுக்குடா அஞ்சு வருஷம், எங்க ஊர்க் குளத்துல ஒரு மழைக்கே வளருதே என்றேன், சிரித்தான், அப்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுக்கும் என்றான், வேம்புவிடம் விசாரித்தால் அது ஆறு மாதம் எட்டு மாதம் வராதாம். நான் முதலாளி நாகப்பனிடம் போய் நின்றேன். நான் யாரிடமும் நிற்காதவன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று முன்பணம் வாங்கி, தினத்தாளில் சுற்றி, மன்னார்குடியில் இருந்து பகல் பஸ்ஸில் உட்காரக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டே வந்து, அவன் அறை வாசலில் நீட்டினேன். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவன் பொட்டலத்தைப் பார்த்தான். வாங்கவில்லை. "யார்கிட்டப்பா வாங்குனீங்க?" என்றான். "உனக்கு எதுக்கு அது, வச்சுக்க." "கடன்தானேப்பா? கடன் வேணாம்ப்பா. திருப்பிக் குடுத்துடுங்க." மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அந்த மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தைப் பார்த்தார்கள், அதில்தான் தெரிந்தது அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்று. திரும்பப் போய்க் கொடுத்தேன். சமையல்கட்டில் முப்பது பேருக்கு முன்னால் நாகப்பன் சிரித்தார். "என்னய்யா தங்கையா, நம்ம காசு டாக்டர் தம்பிக்கு நாறுதா?" எல்லாரும் சிரித்தார்கள். காய் நறுக்குகிற பொம்பளைகள் வரைக்கும் சிரித்தார்கள். அன்றைக்கு வேம்புவிடம் சொல்லிவிட்டேன், அவனோட என் பேச்சு முடிஞ்சது. போன் வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுவேன். போய் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், அது வேறு விஷயம்.

ஆறாவது வரிசையில் ஒருத்தர் கையைத் தட்டுகிறார். சாம்பார் வாளியை அனுப்பினேன். கடன் வேண்டாமாம். கடன் என்றால் என்னவென்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்டுக்கொண்டே வந்தேன், தஞ்சாவூர் தாண்டுகிறபோதுதான் எனக்கே தெரிந்தது, தெரிந்ததும் அதைப் பிடித்து உள்ளே அமுக்கினேன், இப்போது இந்த ரச வாசனையில் அது மேலே வருகிறது. அவனுக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை. வட்டிக்காரர் வருகிற நாள். சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், போகிறபோது அவனிடம், அப்பா திருச்சிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு என்றேன். சொன்னான். திக்கவில்லை. வட்டிக்காரர் நம்பவில்லை, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "வரட்டும், இருந்து பாத்துட்டே போறேன்." மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வெயில் இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் காலை மாற்றி வைக்க இடமில்லை. இவன் வெளியே போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தான். ஒரு கணக்கு வரவில்லை, அவரே சொல்லிக்கொடுத்தார், அவர் குரல் எனக்குக் கேட்கிறது, அப்படி இல்ல தம்பி, மேல இருக்கிறதைக் கீழ கொண்டா. என் பிள்ளைக்கு ஒரு நாளும் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, எனக்குத் தெரியாது. தண்ணீர் எடுக்க உள்ளே வந்தபோதும் டிரம் இருக்கிற பக்கம் அவன் கண் திரும்பவே இல்லை. அவர் போனபிறகு வெளியே வந்து, பயந்துட்டியாடா என்றேன். "இல்லப்பா. நீங்க தும்மிட்டீங்கன்னா என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன்." அப்போது நான் சிரித்தேன். அவன் சிரித்தானா? யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அவன் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை, நான் பார்க்கவில்லை போலிருக்கிறது, கால் மரத்துப்போயிருந்ததால் காலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் பந்தி உட்கார்ந்துவிட்டது. இதுதான் கடைசி. எட்டாவது வரிசையில் ஒரு கிழவி மட்டும் இன்னும் மூன்றாம் பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பல் இல்லை, மோர்ச்சோற்றைக் கரைத்துக் கரைத்துக் குடிக்கிறாள். அந்த வரிசையை எடுக்கவேண்டும், இடம் பிடிக்கிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குணா தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளுக்கு இரண்டு முழம் தள்ளி நிறுத்திவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான். எச்சில் தொட்டியை அவள் பார்த்துவிடக்கூடாதென்று உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். பட்டுவேட்டி கட்டிய ஒருத்தர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவாம், விரலைச் சொடுக்கினார். "ஏய், இலை! என்ன சிலை மாதிரி நிக்கிற? எடுத்துத் தள்ளு." "அம்மா சாப்பிடுறாங்க சார்." "அந்த ஒண்ணை விட்டுட்டு மத்ததை எடு. அறிவில்ல? படிச்சிருந்தா இந்த வேலைக்கு ஏன் வரப்போற?" பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிற பையன்கள் இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள், அவர்களுக்கு இவனைத் தெரியும் போல, "சார், அவரு டாக்டரு சார்" என்றான் ஒருத்தன். "யாரு, இவனா? அப்ப எனக்கு சுகர் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லச் சொல்லு." சிரிப்பு. குணாவும் லேசாகச் சிரித்தான். நான் தூணில் இருந்து இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன். அது என் பிள்ளைய்யா, வாயை அளந்து பேசு, என்று நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. நாக்கு நுனியில் வந்தது அப்புறம் என்ன ஆனது? அதே இடத்தில் நாகப்பன் சிரித்த சிரிப்பும் வந்து நின்றது. சூப்பர்வைசர் மகன் எச்சில் இலை எடுக்கிறான் என்று நாளைக்குச் சமையல்கட்டு முழுக்கப் பேசும். நான் பெரியப்பாவைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் சார், ஆயிடும்" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். குணா என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று வேம்பு பார்ப்பாளே, அப்படிப் பார்த்தான்.

மெலிந்துவிட்டான். பனியன் தோளில் நிற்கவில்லை. வேம்பு போனில் கேட்டுக் கேட்டு என் காதில் விழவேண்டுமென்றே சத்தமாகத் திருப்பிச் சொல்வாள், என்னது, ஒரு தடவை ஆக்குன சோத்தை ரெண்டு நாளைக்கா? ஸ்டேஷன்ல இருந்து நடந்தா வர்ற? செருப்புக்கு ஆணி அடிச்சிக்கிட்டியா? மத்த பிள்ளைங்க எல்லாம் லோன் போட்டு வண்டி வாங்குதாமே? நான் கொல்லையில் நின்றுகொண்டு, படட்டும், அப்பன் காசு வேண்டாமென்றவன் படட்டும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படியும் நினைத்தேன் என்பதுதான் உண்மை. இப்போது தோன்றுகிறது, அவன் என் காசை வேண்டாமென்று சொல்லவில்லை. டிரம்முக்குப் பின்னால் இன்னொரு தடவை நான் நிற்பதைத்தான் வேண்டாமென்று சொன்னான். இரண்டு நாள் சோற்றைத் தின்றாலும் சரி, யார் வீட்டு எச்சிலை எடுத்தாலும் சரி, ஒருத்தன் சைக்கிளில் வந்து நம் வாசல்படியில் உட்காரக்கூடாது. இதை அந்த மூன்று பேருக்கு முன்னால் எப்படி வாய்விட்டுச் சொல்வான்? எனக்குத்தான் புரிந்திருக்க வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு வருஷமும் ஒரு கிழவியும் வேண்டியிருந்தது. சரி. இப்போது கூப்பிடலாம். இல்லை, எல்லார் முன்னாலும் வேண்டாம், தொட்டியோடு வேண்டாம். கடைசிப் பந்தி எழுந்ததும் நம் ஆட்கள் சாப்பிட உட்காருவோம், அப்போது கைகால் கழுவிவிட்டு வருவான், அப்போது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து நானே பரிமாறுவேன். எல்லார் கண்ணும் பார்க்கட்டும். நாகப்பனிடம் போய்ச் சொல்லட்டும். கூட்டு கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னேன், அவனுக்குப் பூசணிக் கூட்டு பிடிக்கும், இப்போதும் பிடிக்குமா என்று தெரியாது. ஜாங்கிரி இரண்டு எடுத்து வைக்கச் சொன்னேன். அவன் இரண்டு வரிசை எடுத்துவிட்டு என் தூண் பக்கமாகத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். "சார், மேல் வரிசையும் எடுத்துடலாமா?" மேல் வரிசையில் எல்லாரும் எழுந்து போய்விட்டது அவனுக்கே தெரிகிறது. எதற்குக் கேட்கிறான்? "எடு" என்றேன். நின்றான். "வேற எதாவது..." என்றான். "வேற ஒண்ணும் இல்ல. முடிச்சிட்டு வா" என்றேன். முடிச்சிட்டு வா என்பதில் எல்லாவற்றையும் வைத்துத்தான் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

கடைசிப் பந்தி எழுந்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் போய்விட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பின்கட்டில் பாய் விரித்து எங்கள் ஆட்கள் வரிசையாக உட்காருகிறார்கள், காலையில் இருந்து டீயைத் தவிர எதுவும் இல்லாத வயிறுகள். என் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னேன். "யாருக்குண்ணே?" "போடு, வருவான்." தண்ணீர் தெளித்து நானே துடைத்தேன். சாதம் வைத்தேன், கூட்டு வைத்தேன், ஓரத்தில் ஜாங்கிரி இரண்டும் வைத்தேன். கை கழுவுகிற இடத்தைப் பார்த்தேன். நீல பனியன்கள் குறைவாக இருந்தன. லூர்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "லூர்து, அந்த இலை எடுத்த தம்பி எங்க?" "எந்தத் தம்பிண்ணே? நாலு பேர் எடுத்தாங்க." "கையில ஊதாக் கறை." "ஓ, குணாவா. சாயங்காலம் வேற ரிசப்ஷன் இருக்குண்ணே, ஏழு பேரை வேன்ல ஏத்தி அனுப்பிட்டேன். இப்பதான் போச்சு." "சாப்பிட்டானா?" "எங்க சாப்பிட்டான். இங்கதான் கடைசி வரைக்கும் நின்னுட்டிருந்தான், டிரைவர் ஆரன் அடிக்கவும் ஓடுனான்." லூர்து சம்மணமிட்டு உட்கார்ந்து, ஏதோ நினைவு வந்து சிரித்தான். "அது ஒரு கிறுக்குண்ணே. அவன் கடைசியா இலை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கை அவ்வளவு சுத்தம், கறை பாக்கத்தான் அப்படி, அது அவன் படிப்பு மருந்து. நெய்யும் பாயசமும் எப்பவும் அவன்கிட்டதான் குடுப்பேன். இன்னைக்கும் அவனுக்கு வேற மண்டபம், பாயசத்துக்குப் போட்டிருந்தேன். நேத்து மன்னார்குடி நாகப்பன் டீம் வருதுன்னு என் வாயில வந்துச்சு, உடனே என்னை அங்க மாத்துன்னு பிடிச்சிக்கிட்டான். ஏண்டான்னா, அங்க ஒருத்தரைப் பாக்கணும்னான். பாத்தானோ என்னமோ."

இருபத்தைந்து பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் கையை வைக்கவில்லை. சூப்பர்வைசர் முதல் கவளம் எடுத்து, சமையல் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் டீமில் யாரும் சாப்பிடமாட்டார்கள். மாஸ்டர் கரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "அந்த இலை யாருது தங்கையாண்ணே? ஆள் இல்லன்னா நம்ம பையன் உக்காரட்டும்." "என் மகனோடது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எதிர் வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க மகனா? எங்க இருக்காரு?" பக்கத்து இலையில் சாதத்தில் இருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, கூட்டு ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஜாங்கிரியைத் தொட்டது, அதை விரலால் தள்ளிவைத்தேன். "ஆரம்பிங்கண்ணே, பசிக்குது" என்றது கடைசியில் இருந்து ஒரு குரல். எல்லார் கண்ணும் என் கையில் இருந்தது. சாதத்தைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். வாய் மென்றது. "உப்பு சரியா இருக்காண்ணே?" என்றார் மாஸ்டர். சரியா இருக்கு என்றேன். எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.